ஏமாற்றும் எவர்சில்வர்

படகின் அடியில் ஒளிரும் விளக்கைத் தின்பது உப்பு மட்டுமல்ல. காற்றுப் புகாத இடுக்கும், பெயரை நம்பிய அலட்சியமும்தான்

அழகுக்குக் குறைவில்லை. பொழுது சாய்ந்ததும் சுவிட்சைத் தட்டினால் படகின் பின்பக்கத் தண்ணீர் நீலமாய் ஒளிர்கிறது. வெளிச்சத்தைத் தேடிச் சிறு மீன்கள் கூடுகின்றன. பயணிகள் கேமராவை எடுக்கிறார்கள். கொச்சி, கோவா, மும்பை என்று உல்லாசப் படகுகள் பெருகிய துறைமுகங்களில் இந்த நீரடி விளக்குகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. விளக்கு வந்த அட்டைப் பெட்டியில் தவறாமல் ஒரு வாசகம்: கடலுக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சில மாதம் கழித்துப் படகைக் கரையேற்றிப் பார்க்கும்போதுதான் சங்கதி வெளிவருகிறது. விளக்கின் முகப்பு அப்போதும் பளபளக்கிறது. ஆனால் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறச் சேறு. துடைத்துப் பார்த்தால் குண்டூசியால் குத்தியது போலக் குழிகள். திருகாணிகளின் தலை பத்திரமாக இருக்கிறது. மறைந்திருந்த கழுத்துப் பகுதி பாதியாக இளைத்துவிட்டது. ரப்பர் வளையம் பதியும் பள்ளம் அரிக்கப்பட்டதால் உள்ளே தண்ணீர் புகுந்து விளக்கு செத்துப்போயிருக்கிறது.

விளக்கு அணைந்தால் காசு நஷ்டம், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. இந்த விளக்குகள் இரண்டு வகை. ஒன்று, படகின் உடல்மீது மேலோட்டமாகத் திருகிப் பொருத்தப்படுவது. மற்றது, உடலில் துளை போட்டு நுழைக்கப்படுவது. இரண்டாவது வகையின் உலோகக் கூடு பெயர்ந்து விழுந்தால் என்ன ஆகும்? நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று திறந்துகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 55 லிட்டர் தண்ணீர் உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் மூன்று டன்னுக்கு மேல். எல்லோரும் தூங்கும் இரவில் சிறிய படகு ஒன்று மூழ்க இது போதும்.

உல்லாசப் படகுக்காரர்களோடு முடிந்துவிடும் பிரச்னையும் அல்ல இது. நீரடி விளக்கு ஆடம்பரம்தான். மீன்களை விளக்கால் ஈர்த்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் பகுதி முழுவதிலும் தடை செய்துவிட்டதால், மீன்பிடிப் படகில் அதற்கு நியாயமான வேலை இல்லை. ஆனால் அதே உலோகம்தான் பல விசைப்படகுகளில் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டாகவும், சுக்கானைத் தாங்கும் போல்ட்டாகவும் தண்ணீருக்குள் கிடக்கிறது. விளக்கைக் கெடுக்கும் அதே நோய் தண்டைத் தாக்கினால், கரையிலிருந்து பல மைல் தொலைவில் எஞ்சின் ஓடும், படகு நகராது.

துருப்பிடிக்காது என்று பெயரிலேயே சத்தியம் செய்யும் உலோகம் ஏன் இப்படிக் கைவிடுகிறது? கடல் நீர் காரமானது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, இந்த உலோகம் எதனால் துருப்பிடிக்காமல் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-ல் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் அதிகம் சேர்த்த எஃகு அமிலத்துக்கு எளிதில் மசியவில்லை என்று கண்டார். அது சமையலறைக் கத்தியாகி, பிறகு உலகமெங்கும் பாத்திரமாயிற்று. தமிழர்கள் அதற்கு எவர்சில்வர் என்று பெயர் சூட்டிச் சீர்வரிசையில் வைத்தார்கள். 2016-ல் ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி, சீனாவுக்கு அடுத்தபடியாக இந்த உலோகத்தை அதிகம் தயாரிக்கும் நாடாக இந்தியா உயர்ந்தது.

எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் இரண்டு மூன்று கூறுதான் படலத்தின் கனம். கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் மூடிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். அதாவது எவர்சில்வர் உயிர் வாழ்வதே மூச்சு விடுவதால்தான். மூச்சு முட்டும் இடத்தில் அது வெறும் இரும்பு.

இதற்கு எதிரியும் உண்டு. அதன் பெயர் குளோரைடு. உப்பின் ஒரு பாதி. ஒரு கிலோ கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு. படலத்தில் பலவீனமான புள்ளியைக் கண்டால் குளோரைடு அங்கே துளைத்துவிடுகிறது. திறந்த பரப்பாக இருந்தால் ஆக்சிஜன் வந்து காயத்தை ஆற்றும். வளையத்துக்கு அடியில், திருகாணித் தலைக்குக் கீழே, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே தேங்கிய துளி நீரில் அது நடப்பதில்லை. இருந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. கரையும் உலோகம் தண்ணீரை அமிலமாக்குகிறது. அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது. வெளியிலிருந்து இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. நாளடைவில் அந்த இடுக்கு நீர் எலுமிச்சைச் சாற்றைப் போலப் புளித்துவிடுகிறது. சுற்றிலும் கடல் சாதுவாக இருக்க, இடுக்குக்குள் மட்டும் ஒரு அமிலக் குப்பி.

இதனால்தான் இந்த நோய் வெளியே தெரிவதில்லை. சாதாரண இரும்பு முழு உடம்பிலும் துருவேறி முன்கூட்டியே எச்சரிக்கிறது. எவர்சில்வர் கடைசி நாள்வரை முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறது.

தமிழ் வீடுகளில் பழைய தலைமுறைப் பெண்களுக்கு இது வேதியியல் படிக்காமலே தெரிந்த விஷயம். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடிதான். எவர்சில்வர் டப்பாவில் ஈர உப்பைப் போட்டு மறந்துவிட்டால் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். சமையலறையில் செய்யக் கூடாத அதே காரியத்தைத்தான் படகில் செய்கிறார்கள்: உப்பையும் எவர்சில்வரையும் ஒரு மூலையில் பூட்டி வைக்கிறார்கள்.

உலோகத்தின் ஆயுள் அதன் சாதியில் இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்குத் தலைநகரிலேயே சாட்சி நிற்கிறது. டெல்லி குதுப் வளாகத்தின் இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலும் மழையும் தாங்கி நிற்பதை வியக்காதவர் இல்லை. எவர்சில்வர் அல்ல அது. பாஸ்பரஸ் மிகுந்த தேனிரும்பு. அந்தப் பாஸ்பரஸ் உருவாக்கிய படலமே தூணைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். ஆனால் 1961-ல் தூணின் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பாகத்தில் துரு கனமாகப் படிந்திருந்தது. ஒரே தூண், ஒரே இரும்பு. காற்றாடிய பாகம் தப்பியது. ஈர மண்ணில் மூச்சு முட்டிய பாகம் அரிபட்டது.

கப்பல்காரர்கள் இந்தப் பாடத்தைக் கற்க நிறையச் செலவழித்திருக்கிறார்கள். மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து காப்பாற்ற, பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் செம்பு நன்றாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. விசேஷம் என்னவென்றால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் ஆணிகள் பிழைத்திருந்தன. இரண்டு உலோகங்கள் கடல் நீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பேட்டரி. அதில் வலுக் குறைந்தது வலுத்ததற்காகக் கரைகிறது. நடுவில் ஒரு காகிதம் இருந்தாலே போதும், பேட்டரி அறுந்துவிடுகிறது.

இந்த விதியைத் தலைகீழாகப் பயன்படுத்த முடியும் என்று காட்டியவர் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி. செம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அதோடு வேண்டுமென்றே ஒரு மட்டமான உலோகத்தைக் கட்டிவிடுங்கள் என்று 1824-ல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காத்தது. அவருடைய முறையைச் சோதித்த கப்பல்களில் ஒன்றுக்கு இந்தியாவோடு தொப்புள்கொடி உறவு: கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822-ல் நீரில் இறங்கிய 'சமராங்'. செம்பு அரிக்காமல் பிழைத்தது. ஆனால் எதிர்பாராத இன்னொரு தொல்லை வந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சைக் கசியவிட்டதால்தான் அதுவரை கடற்பாசியும் கொட்டலசும் அண்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை கப்பல்களின் அடியில் குடியேறி வேகத்தைக் குறைத்தன. கடற்படை டேவியின் முறையைக் கைவிட்டது. முறை மட்டும் சாகவில்லை. இன்று பல எஃகுக் கப்பல்களில் துத்தநாகக் கட்டிகளாக அது வாழ்கிறது.

இரண்டு நூற்றாண்டு கழித்து, அதே கொச்சியில் நிற்கும் படகின் விளக்குக்கு இந்தக் கதை அப்படியே பொருந்துகிறது. எவர்சில்வர் செம்பைப் போல நஞ்சு கசியவிடுவதில்லை. ஆகவே சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுக்கு அது சொகுசான இருப்பிடம். ஒட்டிய ஒவ்வொரு ஓட்டுக்கு அடியிலும் ஒரு புதிய இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு அமிலக் குப்பி. அலுமினியப் படகில் எவர்சில்வர் விளக்கை நேரடியாகத் திருகினால் ஆபத்து திசை மாறுகிறது: விளக்கு தப்பிக்கும், சுற்றியுள்ள படகின் தகடு கரையும். அங்கே பழுப்புக் காகிதத்தின் வேலையைப் பிளாஸ்டிக் உறையும் வாஷரும் செய்தாக வேண்டும்.

விளக்குக்கு என்றே ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடுகிறது. ஒயரின் காப்புறை எங்காவது கிழிந்து, பேட்டரி மின்சாரம் உலோகக் கூட்டின் வழியே கடலில் கசிந்தால், வருடக்கணக்கில் நடக்க வேண்டிய அரிப்பு சில நாட்களில், சில வாரங்களில் முடிந்துவிடும். நல்ல உலோகம் வாங்கியும் விளக்கு சீக்கிரம் கெட்டுவிட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒயரைத்தான்.

இந்தியக் கடல் வேறு விதத்திலும் கறாரானது. வெப்பம் ஏற ஏற இந்த அரிப்பு எளிதில் தொடங்குகிறது. வட ஐரோப்பாவின் குளிர்ந்த நீரில் வருடக்கணக்கில் தாக்குப்பிடித்த விளக்கு, வெதுவெதுப்பான அரபிக் கடலில் அதே ஆயுளைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விளக்கு தன் பங்குக்கு வேறு சூட்டைக் கிளப்புகிறது.

இன்னொரு விசித்திரம், எவர்சில்வருக்கு ஓய்வு ஆகாது. படகு ஓடும்போது புதிய நீர் உரசிச் செல்கிறது, ஆக்சிஜன் கிடைக்கிறது, கொட்டலசு ஒட்டுவதில்லை. கட்டிப் போட்ட படகில் எல்லாம் தலைகீழ். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் துறையில் அசையாமல் கிடக்கும் படகின் தண்டுக்கு அது ஓய்வுக் காலம் அல்ல, சோதனைக் காலம். மழையால் காயல் நீரின் உப்புக் குறைவது ஓரளவு ஆறுதல்தான். ஆனால் இடுக்கில் ஏற்கெனவே புகுந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். அதோடு, நன்னீர் கலந்த தண்ணீரில் துத்தநாகக் கட்டியின் மேல் ஒரு படிவு மூடி அதைச் செயலிழக்கச் செய்கிறது. காயலுக்கும் கடலுக்கும் போய் வரும் படகுகளுக்கு அலுமினியக் கலவைக் கட்டி பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் எந்த உலோகம் தாங்கும்? எவர்சில்வர் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு பெரிய குடும்பம். பாத்திரக் கடையில் பரிச்சயமான 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. குளோரைடை எதிர்ப்பது இதுதான். குழி அரிப்பைத் தாங்கும் திறனை அளக்கப் பொறியாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். குரோமியத்தின் சதவீதம், மாலிப்டினத்தின் சதவீதத்தைப் போல 3.3 மடங்கு, நைட்ரஜனின் சதவீதத்தைப் போல 16 மடங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். இந்தத் தேர்வில் 304 வாங்கும் மதிப்பெண் 20-க்குள். 316 வாங்குவது 25-ஐ ஒட்டி. டூப்ளெக்ஸ் எனப்படும் 2205 ரகம் 35-ஐத் தொடுகிறது. கடல் நீரில் நிரந்தரமாக மூழ்கிக் கிடக்கத் தேவையான தேர்ச்சி மதிப்பெண் 40. அதை எட்டுவது சூப்பர் டூப்ளெக்ஸ் போன்ற விலை கூடிய ரகங்கள்தான்.

கடல் தரம் என்று கொண்டாடப்படும் 316-கூட, தண்ணீருக்கு மேலே கைப்பிடியாகவும் ஏணியாகவும் இருக்கத்தான் முழுத் தகுதி பெற்றது. தண்ணீருக்கு அடியில் அது ஓரளவு தாங்கும், அவ்வளவே. அட்டைப் பெட்டியின் வாசகம் பொய் இல்லை, பாதி உண்மை.

முழுப் பொய்க்கும் சந்தையில் இடம் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எவர்சில்வர் இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது. டம்ளருக்கும் தட்டுக்கும் அது குற்றமில்லை. கடலில் 304-க்கும் கீழே. பளபளப்பில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, அசல்தான் என்று திருப்தி அடைவது பழக்கம். ஆனால் 200, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. வேடிக்கை என்னவென்றால், இவற்றைவிடக் கடலுக்கு உகந்த டூப்ளெக்ஸ் ரகங்களில் காந்தம் ஒட்டும். காந்தத்தை நம்புகிறவர் போலியை ஏற்றுக்கொண்டு அசலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நம்பகமான சோதனைகள் இல்லாமல் இல்லை. மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்துச் சோதனை சில நிமிட வேலை. பழைய இரும்பு வியாபாரிகள் பயன்படுத்தும் எக்ஸ்ரே கைக்கருவி சில வினாடிகளில் கலவையைப் பட்டியல் போடும். பெரிய கப்பல் தளங்கள் உலோகச் சான்றிதழ் இல்லாமல் போல்ட்டைக்கூட உள்ளே விடுவதில்லை. இந்த வசதி எட்டாதவர்கள் சிறிய படகுத் தளக்காரர்களும் மீனவர்களும்தான். கடனில் வாங்கிய படகுக்குக் கடைக்காரர் சொல்லே சான்றிதழ்.

ஆராய்ச்சிக்கும் நாட்டில் குறைவில்லை. கொச்சியில் 1957 முதல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது. மண்டபம், தூத்துக்குடி கடலோரங்களிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. அங்கே இருக்கும் அறிவு படகுத் துறையின் உதிரிபாகக் கடை வரை நடந்து வருவதுதான் சிரமமாக இருக்கிறது.

வந்து சேர்ந்தால் அதைப் பின்பற்ற அதிகம் செலவாகாது. நீரடி விளக்குக்கு எவர்சில்வரைவிட வெண்கலக் கூடு மேல். செம்பின் குணத்தால் கொட்டலசையும் ஓரளவு விலக்கும். எவர்சில்வர்தான் என்றால் குறைந்தது 316, அதிலும் வெல்டிங் செய்தால் கார்பன் குறைந்த 316 எல் ரகம். வளையமும் திருகாணியும் எவ்வளவு குறைவோ, இடுக்கும் அவ்வளவு குறைவு. பொருத்தும்போது இடைவெளியைக் கடலுக்கான பசையால் முழுக்க அடைக்க வேண்டும். பாதி அடைப்பது அடைக்காததைவிட மோசம். படகு கரையேறும்போதெல்லாம் நன்னீரால் கழுவி, வளையத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாசியைச் சுரண்ட இரும்பு நாரும் இரும்புத் தூரிகையும் கூடாது. அவை விட்டுச்செல்லும் இரும்புத் தூளே அடுத்த துருவுக்கு விதை. துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அது கரைவது குறை அல்ல. அதற்காகத்தான் அது இருக்கிறது.

கடலுக்கு அசராத உலோகம் ஒன்று உண்டு: டைட்டானியம். சாதாரணக் கடல் நீரின் வெப்பத்தில் அதன் இடுக்கிலும் அரிப்பு நுழைவதில்லை. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்காகச் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் 'மத்ஸ்யா 6000' கலத்தில், மனிதர்கள் அமரும் கோளம் 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியக் கலவையால் ஆனது. அந்த உலோகத்தின் தாதுமணல் கொச்சிக்குத் தெற்கே, கொல்லம் மாவட்டத்தின் சவரா கடற்கரையிலேயே கிடைக்கிறது. அங்குள்ள கேரள அரசு ஆலையில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் தயாரிக்கும் பிரிவு 2011-ல் தொடங்கப்பட்டது. ஆனால் அந்த விலைக்குப் படகு விளக்கு வாங்க முடிகிறவர்கள் சிலரே.

மற்றவர்களுக்கு எவர்சில்வரே கதி. அது கெட்ட உலோகமும் அல்ல. காற்றாட விட்டால் தலைமுறை தாண்டி உழைக்கும். வீட்டில் அதைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்கும் அக்கறை, தண்ணீருக்குள் போனதும் மறந்துபோவதில்தான் வினை. நீல வெளிச்சம் படகைச் சுற்றியுள்ள தண்ணீரை எல்லாம் காட்டுகிறது. தன் வளையத்துக்கு அடியில் நடப்பதை மட்டும் அது காட்டுவதில்லை. அதற்கு யாராவது ஒருவர் ஸ்பேனரோடு குனிய வேண்டியிருக்கிறது.